ஒட்டகம் தந்த நுண்ணிய தராசு

தராசு சரியில்லாவிட்டால் வியாபாரம் என்னவாகும் என்பதை வர்த்தகர்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் இன்று எமது சரக்கின் விதியைத் தீர்மானிப்பது கடையிலுள்ள தராசு மாத்திரமல்ல. கண்ணுக்குத் தெரியாத நஞ்சை அளக்கும் ஆய்வுகூடக் கருவிகளும் அதில் பங்கெடுக்கின்றன.

2021 ஆம் ஆண்டு, சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய வேளையில், இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லடொக்சின் இருப்பதாக எழுந்த பரபரப்பு பலருக்கும் ஞாபகமிருக்கும். ஈரப்பதமும் சூடும் உள்ள இடத்தில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு இது. ஈரல் புற்றுநோயை ஏற்படுத்தக் கூடியது. கச்சான், சோளம், செத்தல் மிளகாய், சாதிக்காய், கொப்பரா எல்லாவற்றையும் இது பிடிக்கும்.

மிளகு, மிளகாய், சாதிக்காய், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றில் ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் அஃப்லடொக்சின் பி1 இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. வியாபாரக் கணக்கில் சொன்னால் ஒரு தொன்னுக்கு 5 மில்லிகிராம். ஓர் அரிசி மணி ஏறத்தாழ 20 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், நான்கு தொன் சரக்கில் ஓர் அரிசி மணியின் எடை! இதைத் தாண்டினால் கொள்கலன் திரும்பி வரும், அல்லது அங்கேயே அழிக்கப்படும். கப்பல் கூலியும் வங்கிக் கடனும் ஏற்றுமதியாளரின் தலையில்தான்.

இவ்வளவு சிறிய அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வந்துள்ள வழிகளில் ஒன்றுதான் ‘உயிர் உணரி’ எனப்படும் கருவி. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, தேடும் பொருளை மட்டும் பிடித்துக்கொள்ளும் கொளுக்கி. மற்றது, பிடிபட்டதை மின்சாரமாகவோ நிறமாகவோ காட்டும் பகுதி. வீட்டில் சீனி பார்க்கும் கருவியில் ஒரு நொதியம் இந்தக் கொளுக்கியின் வேலையைச் செய்கிறது. கர்ப்பம் பார்க்கும் பட்டியில் அதைச் செய்வது பிறபொருளெதிரி. நோய்க்கிருமிகளைப் பிடிப்பதற்கு எமது உடல் உண்டாக்கும் புரதம்தான் இது.

இந்தக் கொளுக்கிக்கு ஒரு புதிய வடிவம் கிடைத்தது ஒட்டகத்திடமிருந்து. 1989 இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில், பேராசிரியர் ரேமண்ட் ஹாமர்ஸின் மாணவர்கள் பயிற்சிக்காக இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டியிருந்தது. நோய்த்தொற்றுப் பயத்தினால் மனித இரத்தத்தைத் தொட அவர்கள் விரும்பவில்லை. வேறொரு ஆய்வுக்காக உறைய வைத்திருந்த ஒட்டக இரத்தம் அவர்கள் கைக்கு வந்தது. அதில் வழமையான பிறபொருளெதிரியோடு, பாதிப் பாகங்கள் இல்லாத எளிய வகையொன்றும் இருந்தது. 1993 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் இது வெளியானது. லாமா, அல்பாக்கா ஆகியவற்றிலும் இது உண்டு.

அதன் நுனியை மட்டும் வெட்டியெடுத்தாலும் அது தனியாக வேலை செய்கிறது. வழமையான பிறபொருளெதிரியின் பத்தில் ஒரு பங்கு எடைதான். ‘நனோபாடி’ என்பது இதற்கு வைத்த வர்த்தகப் பெயர்.

சிறிதாக இருப்பதில் என்ன இலாபம்? ஒரே இராக்கையில் பெரிய பெட்டிகளை விடச் சிறிய பெட்டிகளை அதிகம் அடுக்கலாம் அல்லவா? அதேபோல, உணரியின் மேற்பரப்பில் கொளுக்கிகளை நெருக்கமாகப் பதிக்கலாம். ஒரே திசையைப் பார்க்கும்படி நிறுத்தலாம். அடுத்தது, மின்சாரத்தால் அளக்கும் உணரிகளுக்குத் தம் மேற்பரப்பை ஒட்டி நடப்பதே தெளிவாகத் தெரியும். பெரிய கொளுக்கி பொருளைத் தூரத்தில் பிடிக்கிறது, சிறியது அருகில் பிடிக்கிறது. ஆகவே சமிக்ஞை பலமாகிறது.

2021 இல் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினர். கொரோனா, மேர்ஸ் வைரசுகளின் புரதத்தை உமிழ்நீரிலிருந்து கால் மணித்தியாலத்துக்குள் கண்டுபிடிக்கும் உணரியை அவர்கள் உருவாக்கினர். விரல்விட்டு எண்ணக்கூடிய மூலக்கூறுகளைக் கூட அது உணர்ந்தது. கொளுக்கியை மாற்றினால் அதே கருவி வேறொன்றைத் தேடும்.

அஃப்லடொக்சினுக்கும் அல்பாக்காவிலிருந்து இத்தகைய கொளுக்கிகள் எடுக்கப்பட்டுள்ளன. தானியத்திலிருந்து இந்த நஞ்சைப் பிரித்தெடுக்க மெதனோல் பாவிக்கிறார்கள். வழமையான பிறபொருளெதிரி அதில் கெட்டுப்போகும், இது அதிகம் தாக்குப்பிடிக்கிறது. இவற்றில் பல சூட்டையும் தாங்குகின்றன. பக்டீரியாவில் வளர்த்து உற்பத்தி செய்ய முடிவதால் செலவும் குறைகிறது.

இதன் வர்த்தகப் பெறுமதி சிறியதல்ல. இந்தக் கண்டுபிடிப்பை வைத்து 2001 இல் பெல்ஜியத்தில் ஆரம்பிக்கப்பட்ட அப்லிங்ஸ் நிறுவனத்தை, 2018 இல் பிரான்சின் சனோஃபி 390 கோடி யூரோவுக்கு வாங்கியது. அந்த விலை பிரதானமாக மருந்துகளுக்கானது. உணவுப் பரிசோதனைக் கருவிகள் இன்னும் அந்த அளவுக்கு வளரவில்லை.

ஆகவே வர்த்தகர்கள் நிதானமாக இருக்க வேண்டும். நாளை ஒருவர் கையடக்கக் கருவியோடு வந்து, “இது மிகவும் நுண்ணியது” என்றால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எனது சரக்கிலேயே, அதாவது மிளகிலோ சாதிக்காயிலோ, இதைச் சோதித்துப் பார்த்தீர்களா? நல்ல சரக்கைக் கெட்டது என்று எத்தனை தடவை தவறாகக் காட்டுகிறது? அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் முடிவோடு ஒத்துப்போகிறதா?

நான்காவது கேள்வி எமக்கே உரியது. மாதிரியை எங்கிருந்து எடுத்தோம்? அஃப்லடொக்சின் சரக்கு முழுவதும் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு மூட்டையின் சில காய்களில் குவிந்திருக்கும். மேல் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்தால், எவ்வளவு நுண்ணிய கருவியும் அந்தப் பிடியைப் பற்றித்தான் பேசும். பல மூட்டைகளிலிருந்தும் எடுத்துக் கலந்துதான் கொடுக்க வேண்டும்.

இத்தகைய கருவி மலிவாகக் களஞ்சியத்துக்கே வருமானால், துறைமுகத்தில் தெரியவரும் நட்டத்தைக் கொள்வனவின்போதே தடுத்துவிடலாம். அதுவரை நன்றாகக் காயவைப்பதும், ஈரம்படாமல் களஞ்சியப்படுத்துவதுமே எமது கையிலுள்ள மலிவான பாதுகாப்பு. கருவி நஞ்சைக் காட்டுமே தவிர, அதை அகற்றித் தராது.