ராத்திரி நன்றாய்த்தானே இருந்தார்?



பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவர் கிராமம் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர். இப்படிப்பட்ட சாவு வீடுகளில் எங்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: “ராத்திரி நன்றாய்த்தானே ஐயா சாப்பிட்டுப் படுத்தார், விடிந்ததும் கண் தெரியவில்லை என்றாரே, அது எப்படி?”

நாங்கள் மருத்துவர் அல்ல. மருத்துவர்களிடம் கேட்டறிந்ததைச் சொல்லுகிறோம்.

மெத்தனால் குடித்தவுடனே கொல்லுவதில்லை. அதைக் கொடிய விஷமாக மாற்றுவது நம்முடைய கல்லீரலேதான். கல்லீரல் செல்லுக்குள் என்சைம் என்னும் நொதிகள் வரிசையாய் வேலை செய்கின்றன. ஒன்று மாற்றிக் கொடுப்பதை அடுத்தது வாங்கி மாற்றும். மதுபானத்திலுள்ள எத்தனாலை மாற்றுவது ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி. மெத்தனாலும் ஏறக்குறைய அதே உருவில் வருவதால், அதையும் ஏற்றுக்கொண்டு ஃபார்மால்டிஹைடாக்கிவிடுகிறது. பிரேதம் கெடாமலிருக்கப் போடுகிற ஃபார்மலினில் இருப்பது இதுதான். அடுத்த நொதி அதை வெகுவிரைவில் ஃபார்மிக் அமிலமாக்குகிறது. மாமரத்து முசுறு எறும்பு பீய்ச்சுகிற அதே அமிலம். இதை அப்புறப்படுத்தும் வழி மனித சரீரத்தில் மிகவும் மெதுவானது. ஆகவே அமிலம் தேங்குகிறது. செல்லுக்குள் பிராணவாயுவைப் பயன்படுத்திச் சக்தி உண்டாக்கும் இடத்திலுள்ள கடைசி நொதியை அது முடக்கிவிடுகிறது. மூச்சு ஓடுகிறது, இரத்தத்தில் பிராணவாயு இருக்கிறது, செல்லோ அதை எடுத்தாள முடியாமல் தவிக்கிறது. கண் நரம்பு இதைத் தாங்காது. இவ்வளவும் நடக்கப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். நொதி எத்தனாலைத்தான் முதலில் பிடிக்கும், மெத்தனால் காத்துக்கிடக்கும்.

சிகிச்சையும் இந்தக் குணத்தைக்கொண்டே நடக்கிறது. மருத்துவர்கள் எத்தனாலை அளந்து கொடுப்பார்கள், அல்லது ஃபோமெபிசோல் என்னும் மருந்தால் அந்த நொதியை அடைப்பார்கள். மெத்தனாலையும் அமிலத்தையும் டயாலிசிஸ் வெளியேற்றும். மதுவிலக்கைப் பிரசங்கிக்கிற எங்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்! ஆனால் இது ஆஸ்பத்திரியில், இரத்தத்தைச் சோதித்துச் சோதித்துச் செய்கிற காரியம். வீட்டில் இன்னொரு பாட்டில் வாங்கிக் கொடுப்பது மருந்தாகாது.

கெட்டுப்போன கண் நரம்பு பல வேளைகளில் மீளுவதில்லை. ஆகையால் ஒருவர் விழுந்துவிட்டால், அவரோடு அதே பாக்கெட்டைக் குடித்துவிட்டு “எனக்கு ஒன்றுமில்லை” என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவரையும் அந்த நேரமே அழைத்துவாருங்கள். அவருடைய கல்லீரல் இன்னும் வேலையை முடித்திருக்காது.