பேட்டரி டிரில் கொண்டு குழி தோண்டலாமா?

கட்டட வேலைக்கும் தச்சு வேலைக்கும் உதவும் பேட்டரி டிரில்லின் முனையில், ஆகர் எனப்படும் திருகு அலகைப் பொருத்தி மண்ணிலும் துளையிடலாம். மின் இணைப்பில்லாத மானாவாரி நிலங்கள் நிறைந்த உசிலம்பட்டிப் பகுதி விவசாயிகளுக்கு இது பயன்படக் கூடியதே. ஆனால் எந்த வேலைக்கு ஏற்றது, எதற்கு ஏற்றதல்ல என்பதை அறிந்து வாங்குதல் வேண்டும்.

கனடா, பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில், உறைந்த ஏரியில் மீன் பிடிப்போர் இம்முறையில் பனிக்கட்டியைத் துளைக்கின்றனர். பனிக்கட்டியில் கல்லோ வேரோ இல்லை. நம் செம்மண்ணிலும் கரிசலிலும் சரளையும் வேரும் குறுக்கிடும். கோடையில் மண் இறுகிக் கிடக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

செடி முருங்கைக்கு 45 செ.மீ. நீள, அகல, ஆழக் குழி தேவை. இதிலிருந்து சுமார் 91 லிட்டர் மண்ணை அகற்ற வேண்டும். 10 செ.மீ. விட்ட அலகால் 45 செ.மீ. ஆழம் துளையிட்டால் வெளிவருவது சுமார் மூன்றரை லிட்டர் மட்டுமே. 2.5 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 640 குழிகள் வேண்டும். இவ்வேலைக்கு டிராக்டரில் இணைக்கும் குழி தோண்டும் கருவியே ஏற்றது. சிறு துளையிலேயே கன்றை நட்டுவிடுவது தவறு. இறுகிய மண்ணில் வேர் துளைக்குள்ளேயே சுற்றி, செடி குன்றிவிடும்.

ஏற்ற வேலைகள்

1. மண் மாதிரி எடுத்தல்: பழத்தோட்டங்களில் 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே எடுக்கலாம். ஒவ்வோர் ஆழத்திற்கும் அலகைத் துடைத்து, மேல் மண் கலவாமல் பார்த்துக்கொள்ளவும்.

2. தக்காளிக்கு ஊன்றுகோல் நடத் துளையிடுதல்.

3. இறுகிய நிலத்தை இளக்குதல்: குழி தோண்டுமிடத்தில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் துளையிட்டு நீர் ஊற்றி, மறுநாள் மண்வெட்டியால் வெட்டினால் வேலை எளிதாகும்.

கருவியைத் தேர்ந்தெடுத்தல்

18 வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்டதும், குறைந்த வேகக் கியர், பின்சுழற்சி, பக்கவாட்டுக் கைப்பிடி ஆகிய மூன்றும் உடையதுமான கருவியை வாங்கவும். 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ள மின்சாரம் 90 வாட்-மணி. இது 5 குதிரைத்திறன் மோட்டாரை ஒன்றரை நிமிடம்கூட ஓட்டாது. ஆகவே இரண்டு பேட்டரிகள் வைத்திருப்பது நன்று.

பயன்படுத்தும் முறை

மழை பெய்து ஈரம் பதமாக உள்ளபோது துளையிடவும். வறண்ட மண்ணாயின் முதல் நாளே நீர் தெளிக்கவும். குறைந்த வேகத்தில் வைத்து, 10 செ.மீ. ஆழத்திற்கு ஒருமுறை அலகை மேலே தூக்கி மண்ணை உதறவும். அலகு சிக்கினால் இழுக்காமல் பின்சுழற்சியில் விடுவிக்கவும். ஈரக் கரிசலில் துளையின் சுவர் வழவழப்பாகி, வேர் புகத் தடையாகும். இதனைக் கடப்பாறையால் கீறிவிடுதல் அவசியம்.

எச்சரிக்கை

அலகு கல்லில் மாட்டினால் சுழற்சி நின்று, டிரில்லின் உடல் எதிர்த் திசையில் திரும்பும். மணிக்கட்டு முறியக்கூடும். எனவே கைப்பிடியைப் பொருத்தாமல் ஒரு கையால் இயக்கக் கூடாது. கால்களை அகல ஊன்றி நிற்கவும். விசையை அழுத்திய நிலையில் பூட்டி வைக்க வேண்டாம். தொங்கும் துண்டு, சேலைத் தலைப்பு ஆகியவற்றை இறுக்கிச் செருகிக்கொள்ளவும். சூடேறிய பேட்டரியை ஆறவைத்த பின்னரே மின்னூட்டவும். வெயிலில் போட்டு வைக்காதீர்கள்.

சில குழிகளுக்கு மண்வெட்டி, சிறு துளைகளுக்குப் பேட்டரி டிரில், ஏக்கர் கணக்கில் நடவுக்கு டிராக்டர் கருவி என வேலைக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் செலவும் குறையும், உடலும் காக்கப்படும். வாடகை இயந்திரங்கள் குறித்து அருகிலுள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தை அணுகி விவரம் பெறலாம்.