டிஎன்எஸ்ஸுக்கு முன்னால் ஒரு ஃபைல்

டீ வரட்டும், அதற்குள் ஒரு கேள்வி. பிரவுசரில் உங்கள் வங்கியின் பெயரை டைப் செய்கிறீர்கள், பக்கம் திறக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் பெயரை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது. அதற்கு வேண்டியது எண். அந்த எண்ணை யாரிடம் கேட்கிறது? டிஎன்எஸ் சர்வரிடம் என்று பெங்களூரு மாரத்தஹள்ளியில் வேலை பார்க்கும் எந்தப் பையனும் சொல்லிவிடுவான். பாதிதான் சரி. வெளியே கேட்பதற்கு முன், தன்னிடமே இருக்கும் ஒரு சின்ன ஃபைலை அது பார்த்துவிடுகிறது. பெயர் ஹோஸ்ட்ஸ்.

197-க்கு போன் போட்டு நம்பர் விசாரித்த காலம் நினைவிருக்கிறதா? அதற்கு முன் சட்டைப்பை டயரியைப் புரட்டுவோமே, அந்த டயரிதான் இது. அதில் நம்பர் இருந்தால் 197-ஐ யாரும் கூப்பிடுவதில்லை. தப்பான நம்பர் இருந்தாலும் கூப்பிடுவதில்லை. வம்பு அங்கேதான்.

ஒரு காலத்தில் வலை முழுவதற்குமே ஒரே ஃபைல். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில், கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எஸ்ஆர்ஐ நிறுவனத்திலிருந்த எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. எங்கேயாவது புதுக் கம்ப்யூட்டர் சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் புதுப் பிரதியை இறக்கிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர்கள் பெருகியபோது இது தாங்கவில்லை. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வகுத்தார். அவரவர் பெயர்களை அவரவரே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு.

இந்தியாவில் எர்நெட் என்ற கம்ப்யூட்டர் வலை தொடங்கியது 1986-இல். முதல் எட்டு நிறுவனங்களில் நம் ஊர் இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) ஒன்று. ஆட்டோக்காரரிடம் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’ என்று சொன்னால் கொண்டுபோய் விடுவாரே, அதுதான். தொண்ணூறுகளில் பெங்களூரு விஞ்ஞானிகளின் கட்டுரைகளில் மின்னஞ்சல் முகவரி ‘விக்யான்.ஐஐஎஸ்சி.எர்நெட்.இன்’ என்று முடிந்திருப்பதைப் பார்க்கலாம். வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். இன் என்பது இந்தியா, எர்நெட் அந்த வலை, ஐஐஎஸ்சி அந்த வளாகம், விக்யான் அங்கே இருந்த கம்ப்யூட்டர். ஒவ்வொரு புள்ளியிலும் பொறுப்பு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகிறது. மென்லோ பார்க்கில் யாரையும் கேட்கத் தேவையில்லை.

ஆனாலும் பழைய ஃபைல் ஒழியவில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கிறது. விண்டோஸில் சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் ஃபைலைத் திறந்தால் ‘ரைனோ.ஆக்மி.காம்’ என்ற காண்டாமிருகம் உதாரணமாக நிற்கும். ஏன் காண்டாமிருகம் என்று மைக்ரோசாஃப்டைத்தான் கேட்க வேண்டும். அந்த வரியின் தலையில் ஹாஷ் குறி இருக்கிறது. அது இருந்தால் அந்த வரி கணக்கில் வராது.

எழுதும் முறை எளிது. முதலில் எண், கொஞ்சம் இடைவெளி, பிறகு பெயர். ‘127.0.0.1 லோக்கல்ஹோஸ்ட்’ என்றால், லோக்கல்ஹோஸ்ட் என்று கேட்டால் வெளியே போகாதே, நீயேதான் அது என்று பொருள். ஒரு பெயரை எழுதினால் அந்த ஒரு பெயர் மட்டும்தான். அதன் கீழுள்ள மற்ற பெயர்களையும் சேர்த்துப் பிடிக்க வழியில்லை. விண்டோஸில் நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேமிக்கவே விடும். ஃபைல் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்ற வால் ஒட்டிக்கொண்டால் கம்ப்யூட்டர் அந்த ஃபைலைத் திரும்பியும் பார்க்காது.

இதை நம் ஊர் ஐடி கம்பெனிகள் எதற்குப் பயன்படுத்துகின்றன? ஒரு வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாற்றுகிறார்கள் என்று வையுங்கள். ஊருக்கெல்லாம் மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும். டெஸ்டர் தன் லேப்டாப்பில் மட்டும் புது சர்வரின் எண்ணையும் அந்தப் பெயரையும் ஒரு வரியாக எழுதுகிறார். 203.0.113.10 என்று வைத்துக்கொள்வோம். உதாரணங்களுக்கென்றே ஒதுக்கிய வரிசை அது. இனி அவருக்கு மட்டும் புது வீடு, மற்றவர்களுக்குப் பழைய வீடு. வேலை முடிந்ததும் அந்த வரியை எடுக்க மறந்தால், அடுத்த முறை சர்வர் மாறும்போது அவருக்கு மட்டும் சைட் திறக்காது. டிஎன்எஸ்ஸில் கோளாறு என்று அரை நாள் தேடுவார்கள்.

இதே வசதி திருடனுக்கும் உண்டு. கம்ப்யூட்டரில் நுழைந்த தீய மென்பொருள் உங்கள் வங்கியின் பெயருக்கு எதிரே வேறொரு எண்ணை எழுதிவிட்டால், சரியான பெயரை டைப் செய்தும் போலிப் பக்கத்துக்குப் போய்ச் சேருவீர்கள். அநேகமாக பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரிக்கும். அதைத் தாண்டி உள்ளே போகாதீர்கள்.

ஒருமுறை அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள். ஹாஷ் இல்லாத வரிகளைப் படியுங்கள். டாக்கர் போன்ற மென்பொருள்கள் தாமே எழுதிவைத்தவை இருக்கலாம், அவை இருக்கட்டும். வங்கியின் பெயர் இருந்தால் அது நீங்கள் எழுதியதாக இருக்காது. வைரஸ் ஸ்கேன் ஓடவிட்டு, அந்த வரியை நீக்கி, பாஸ்வேர்டை வேறொரு சாதனத்திலிருந்து மாற்றுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால், கைவைக்கும் முன் ஐடி டீமிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.