டிஸ்க் செருகும் வாய் எங்கே?

சமீபத்தில் புதிய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கவனித்திருப்பார்கள். மடிக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றில் டிஸ்க் செருகும் வாயே கிடையாது. முதலில் பிளாப்பி விடைபெற்றுக்கொண்டது; இப்போது ஸி.டி.யும் டி.வி.டி.யும் அதன் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. பழைய டிஸ்குகள் வீடுதோறும் குவிந்திருக்கையில் உற்பத்தியாளர்கள் இப்படிச் செய்யலாமா?

இந்தச் சச்சரவு புதிதன்று. 1998-ம் வருஷம் ஆப்பிள் கம்பெனியார் பிளாப்பி டிரைவ் இல்லாமல் ‘ஐமாக்’ என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, இது என்ன அநியாயம் என்று பலர் கூச்சலிட்டார்கள். ஸோனி கம்பெனியார் 2011-ல் ஜப்பானில் பிளாப்பி விற்பனையையே நிறுத்தினார்கள். இதற்கிடையில், 2008-லேயே ஸி.டி. டிரைவும் இல்லாத மெல்லிய மடிக் கம்ப்யூட்டர் ஒன்றை ஆப்பிள் விற்கத் தொடங்கிவிட்டது. கம்பெனிக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. சுழலும் உறுப்பு சீக்கிரம் பழுதாகும், இடத்தை அடைக்கும், மின்சாரத்தைத் தின்னும். அதை ஒருபோதும் உபயோகிக்காதவரும் அதற்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

ஆனால், படிக்கும் கருவி மறைந்தால் எழுத்தும் மறைந்துவிடுகிறதே! இவ்விடத்தில் பெரம்பலூர் ஜில்லாவிலுள்ள குன்னத்தை நினைக்காமலிருக்க முடியவில்லை. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் சிறு பிராயத்தில் பெற்றோருடன் சில காலம் வசித்துத் தமிழ் பயின்ற ஊர் அது. பிற்காலத்தில் அவர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, 1887-ல் சிந்தாமணியையும் 1892-ல் சிலப்பதிகாரத்தையும் அச்சிட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோவில் ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பிலிட்டார்கள் என்று கேட்டு அவர் பட்ட வேதனையைத் தமிழுலகம் அறியும். இருந்தாலும் கரையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏட்டைப் படிக்க அவருக்கு வேண்டியிருந்தவை கண்ணும் கல்வியும் பொறுமையுமே. பிளாப்பி அப்படியல்ல. அது பழுதின்றி இருந்தாலும் டிரைவ் இல்லாவிடில் வெறும் பிளாஸ்டிக் சதுரந்தான்!

தமிழுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. தொண்ணூறுகளில் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்து பிளாப்பியில் சேமித்தார்கள். தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடை அங்கீகரித்தது 2010-ல்தான். ஆகவே பழைய டிஸ்கை ஒருவாறு திறந்தாலும், கட்டுரைக்குப் பதில் விநோதமான குறிகள் வரிசையாக நிற்கும். ஏட்டுச் சுவடியில் புள்ளி இல்லை என்று புலவர்கள் குறைப்பட்டதெல்லாம் இதன் முன்னே எம்மாத்திரம்!

நம் தேசத்துக் கதையும் ஒன்று இருக்கிறது. மோஸர் பேயர் என்ற இந்தியக் கம்பெனி எண்பதுகளின் இறுதியில் பிளாப்பி செய்ய ஆரம்பித்து, பிறகு ஸி.டி., டி.வி.டி. உற்பத்தியில் உலகத்தின் பெரிய கம்பெனிகளுள் ஒன்றாயிற்று. தமிழ்ப் படங்களை மலிவு விலை டிஸ்குகளில் வீட்டுக்கு வீடு சேர்த்ததும் அதுவே. கடன் சுமை தாங்காமல், 2018-ல் அதைக் கலைக்கும்படி உத்தரவாயிற்று. அந்நிய நாட்டார் ஒரு வாயை அடைத்தால் நம் நாட்டுத் தொழிலுக்கும் அதில் பங்கு கேடு உண்டு. அதற்காக வாயை அடைக்காதே என்று அவர்களிடம் மன்றாடுவது வீண் வேலை.

கேட்க வேண்டியது வேறு. டிரைவை எடுத்துவிடட்டும், ஆனால் அதை வெளியிலிருந்து இணைப்பதற்கு எல்லோருக்கும் பொதுவான துளை ஒன்று இருக்கட்டும். ஐமாக்கில் யு.எஸ்.பி. துளை இருந்ததால்தான், பிளாப்பி வேண்டியவர்கள் தனி டிரைவ் வாங்கிச் சமாளித்தார்கள். அத்தகைய டிரைவ்களைச் சர்க்கார் வாங்கி, குன்னம் போன்ற தாலுகா ஊர்களின் நூலகங்களில் வைத்தால் என்ன? பெரிய செலவில்லை. ஜப்பான் சர்க்கார் பிளாப்பியைக் கட்டாயமாக்கிய பழைய விதிகளை 2024-ல்தான் முற்றிலும் ஒழித்தார்கள். அவ்வளவு முன்னேறிய தேசத்துக்கே இத்தனை வருஷம் பிடித்திருக்கிறது.

அதுவரை வீட்டார் சும்மா இருக்க வேண்டியதில்லை. பீரோவில் கிடக்கும் கல்யாண ஸி.டி.யில் பூஞ்சைக்காளான் படர்வதற்குள், டிரைவ் வைத்திருக்கும் நண்பரையோ ஸ்டூடியோக்காரரையோ பிடித்து இரண்டு நகல் எடுங்கள். ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். நகல் எடுத்தாயிற்று என்றவுடன் மூலத்தைக் குப்பையில் போட வேண்டாம். முழுவதையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். நாதஸ்வரம் நன்றாகக் கேட்கும், பந்தி நன்றாகத் தெரியும். தாலி கட்டும் இடத்தில் மட்டும் படம் நின்றுபோயிருக்கும்.