வானம் காத்தவர்கள் – 7: எண்ணிக்கைக்கு அப்பால் அபிநந்தன்

2019 பிப்ரவரி 14 அன்று காஷ்மீரின் புல்வாமாவில் நடந்த தாக்குதலில் உயிரிழந்த சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் 40 பேரில் ஒருவர் அரியலூர் மாவட்டம் கார்குடியைச் சேர்ந்தவர். ஊர்க்கணக்கில் அவரது பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இந்திய விமானப்படையின் பாலாகோட் தாக்குதலும் நடந்து, அதற்குப் பதிலடியாகப் பாகிஸ்தான் விமானங்களும் பறந்து வந்துவிட்டன. பிப்ரவரி 27 காலை அவற்றை எதிர்கொள்ளக் கிளம்பியவர்களில் ஒருவர்தான் விங் கமாண்டர் அபிநந்தன் வர்த்தமான். அன்று முதல் இன்று வரை அவரைப் பற்றிய பேச்செல்லாம் ஒரே கேள்வியில் போய் முட்டி நிற்கிறது: அவர் எஃப்-16 விமானத்தை வீழ்த்தினாரா, இல்லையா? இந்தக் கேள்வியை வைத்து அவரை அளப்பதே பிழை என்பது என் வாதம். கார்குடிக்கு வந்த இழப்பை எதிரி விமானக் கணக்கால் நேர்செய்ய முடியாது. ஒரு விமானியின் துணிவையும் அந்தக் கணக்குக்குள் அடக்கிவிட முடியாது.

வழக்கின் இரு தரப்பையும் முதலில் பார்த்துவிடுவோம். வீழ்த்தினார் என்கிறது இந்திய விமானப்படை. 2019 ஏப்ரலில் ரேடார் படங்களையும் வெளியிட்டது. எஃப்-16 விமானங்களில் மட்டுமே பாகிஸ்தான் பொருத்தியிருந்த ஆம்ராம் ஏவுகணையின் உடைந்த துண்டு ஒன்றைச் செய்தியாளர்கள் முன் வைத்தது. அந்தத் துண்டு, எஃப்-16 சண்டைக்கு வந்தது என்பதற்குச் சான்று. விழுந்தது என்பதற்குச் சான்றாகாது. பாகிஸ்தான் மறுத்தது. அந்நாட்டு எஃப்-16 விமானங்களை எண்ணிப் பார்த்ததில் ஒன்றும் குறையவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் சொன்னதாக ‘ஃபாரின் பாலிசி’ இதழ் எழுதியது. இந்த வழக்கு தீராமலே இருக்கட்டும். அவர் ஏறிப் போன விமானத்தைப் பாருங்கள். மிக்-21 பைசன் என்னதான் மேம்படுத்தப்பட்டிருந்தாலும், 1950-களின் வடிவமைப்பு. இந்தியாவுக்கு மிக்-21 வந்ததே 1963-இல். தொலைவிலிருந்தே தாக்கும் ஏவுகணை ஏந்திய விமானங்களை நோக்கி அதில் போனதுதான் செயல். விளைவு அதன் பிறகு வருவது.

அன்று அபிநந்தனின் விமானமும் வீழ்த்தப்பட்டது; அவர் பாகிஸ்தானிடம் பிடிபட்டார். ‘அவரும்தானே வீழ்த்தப்பட்டார், சிறைப்பட்டவருக்குப் பதக்கமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு பழைய கதை. 1965 போரில், செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கப் போன ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா மாற்று விமானியாகக் காத்திருந்தவர்; ஒருவர் விலகவே சேர்ந்துகொண்டார். தம் விமானத்தைவிட வேகமான பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானத்தோடு மோதினார், திரும்பவில்லை. காணாமல் போனவர் என்று கோப்பு மூடப்பட்டது. 1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர் எழுதிய நூல் வழியேதான் அந்த ஸ்டார்ஃபைட்டரை அவர் வீழ்த்தியது இங்கே தெரியவந்தது. 1988-இல் மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அவர் வீரம் குறைந்தா இருந்தது? குறைந்திருந்தது சாட்சிதான். சாட்சி கிடைப்பதும் கிடைக்காததும் விமானியின் கையில் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஒருவரை மட்டும் கொண்டாடினால் மற்றவர்கள் மறைந்துபோகிறார்கள் என்பது. இதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். பிப்ரவரி 27 அன்று விமானிகளைத் தரையிலிருந்து வழிநடத்திய ஸ்குவாட்ரன் லீடர் மின்ட்டி அகர்வாலுக்கு யுத் சேவா பதக்கம் கிடைத்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? அதே காலையில் காஷ்மீரின் பட்காமில் நம் ஏவுகணையே நம் எம்ஐ-17 ஹெலிகாப்டரை வீழ்த்தியது. விமானப்படையினர் 6 பேரும் பொதுமகன் ஒருவரும் மாண்டனர். எதிரி விமானத்தை எண்ணும் ஆவேசத்தில் இந்த ஏழு பேரை நாம் எண்ணவே இல்லை. எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

அபிநந்தனுக்கு வருவோம். பாராசூட்டில் எல்லைக்கு அப்பால் ஹொரான் கிராமத்தில் இறங்கியவர், தாம் நிற்பது எந்த நாடு என்று கேட்டார். தெரிந்ததும் வானை நோக்கிச் சுட்டுக்கொண்டே ஓடி ஒரு சிறு குட்டையில் குதித்தார். கையிலிருந்த காகிதங்களில் சிலவற்றை வாயில் போட்டு விழுங்கவும் மற்றவற்றைத் தண்ணீரில் ஊறவைக்கவும் முயன்றார் என்று அவ்வூர்க்காரர்களே பாகிஸ்தான் பத்திரிகைக்குச் சொன்னார்கள். உயிர் போகும் நேரத்தில் காகிதத்தைப் பற்றி நினைப்பதற்குத் தனி மனம் வேண்டும். பிறகு முகத்தில் ரத்தத்தோடு, கேட்கப்பட்ட கேள்விகளில் சொல்லக்கூடாததை எல்லாம் சொல்ல மறுத்தார். மார்ச் 1 இரவு வாகா வழியே திரும்பினார். 2021 நவம்பர் 22 அன்று குடியரசுத் தலைவர் வீர் சக்ரா அணிவித்தபோது வாசிக்கப்பட்ட பாராட்டுரையில் எஃப்-16 இருந்தது. பிடிபட்ட நிலையிலும் அவர் கண்ணியத்தோடும் உறுதியோடும் நடந்துகொண்டார் என்பதும் இருந்தது. இந்த இரண்டாவதற்குச் சாட்சி, பாகிஸ்தானே வெளியிட்ட காணொளி.

(தொடரும்)