மாவும் காணியும் சேர்ந்தால்

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகள் ஐந்தாம் ஆறாம் வகுப்பை எட்டும்போது கணக்குப் பாடத்தில் ஓர் இடறுகல் எதிர்ப்படுகிறது. பகுதிகள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவதும் கழிப்பதுமே அது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலுள்ள எண்களைத் தனியாகவும் கீழுள்ளவற்றைத் தனியாகவும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று விடை எழுதும் பிள்ளைகள் பலர். ஐந்தில் இரண்டோ அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னொன்றைச் சேர்த்த பின்னர், அது அரையினும் குறைவது எங்ஙனம்? இந்த ஒரு வினாவே பிள்ளையைச் சிந்திக்க வைத்துவிடும்.

பின்னத்தின் பகுதி துண்டின் அளவைச் சொல்வது. தொகுதி அத்தகைய துண்டுகள் எத்தனை என்று சொல்வது. ஒரு படி அரிசியையும் ஓர் ஆழாக்கு அரிசியையும் சேர்த்து, ‘இரண்டு படி’ என்பார் உண்டோ? படியை எட்டு ஆழாக்காக்கி, மொத்தம் ஒன்பது ஆழாக்கு என்போம். அவ்வாறே அரையை ஆறில் மூன்றாகவும், மூன்றில் ஒன்றை ஆறில் இரண்டாகவும் மாற்றினால், விடை ஆறில் ஐந்து என்பது தானே விளங்கும்.

இவ்வழியைத் தெளிவான விதியாக வகுத்துத் தந்த பெரியார் ஒருவர், நம் நகருக்கு அண்மையிலிருந்த அரசொன்றின் காலத்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். ஹைதராபாத்திலிருந்து வாடி செல்லும் இருப்புப் பாதையில், இன்றைய கலபுரகி மாவட்டத்தில் உள்ளது மால்கேட். பழைய நாளில் மானியகேடம் என்று பெயர் பெற்று, இராஷ்டிரகூடர்களின் தலைநகராக விளங்கிய ஊர் அது. 1956 வரை ஹைதராபாத் இராச்சியத்தில் அடங்கியிருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அமோகவர்ஷன் ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த சமணக் கணிதர் மகாவீரர், ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். இக்காலத்தில் நாம் மீச்சிறு பொது மடங்கு என்பதை அவர் ‘நிருத்தம்’ என்று அழைத்தார்.

அவர் முறையை ஒரு கழித்தலில் காண்போம். ஆறில் ஐந்திலிருந்து எட்டில் மூன்றைக் கழிக்க வேண்டும். ஆறுக்கும் எட்டுக்கும் பொதுக் காரணி 2. அதனால் வகுக்கக் கிடைக்கும் ஈவுகள் 3, 4. இம்மூன்றையும் பெருக்க வருவது 24, இதுவே நிருத்தம். ஆறில் ஐந்து 24இல் 20 ஆகிறது. எட்டில் மூன்று 24இல் 9 ஆகிறது. எஞ்சுவது 24இல் 11.

இந்நூலைப் பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் தந்தார். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காசாரியார் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து 1912இல் பதிப்பித்தார். கன்னட நாட்டில் தோன்றிய நூல் தெலுங்கருக்கும் தமிழருக்கும் பொதுச் செல்வமாயிற்று.

தமிழருடைய எண்சுவடியோ இக்கலையை வேறொரு வழியில் எளிதாக்கியது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அதனை அலகாகக் கொண்டால் காணி 4 முந்திரி, மா 16, மாகாணி 20, அரைக்கால் 40, நாலுமா 64, கால் 80, அரை 160. ‘மாகாணி’ என்னும் பெயரே ஒரு கூட்டல் கணக்கு. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. முக்காலில் மா நீங்கினால், 240 முந்திரியில் 16 போக 224 நிற்கும். அது ‘அரையே நாலுமா’. திண்ணைப் பள்ளிச் சிறுவர் இவற்றை வாயாலேயே கூட்டிக் கழித்தனர்.

ஆயினும் 320ஐ மூன்றாகவோ ஏழாகவோ மீதியின்றிப் பங்கிட இயலாது. அத்தகைய பின்னங்கள் வரும்போது மகாவீரர் வழியே கைகொடுக்கும். ஆகவே இரண்டையும் அறிந்திருத்தல் நன்று.

ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற கணக்கு வழங்கியவரை, பின்னம் அன்றாடப் பழக்கமாக இருந்தது. மாகாணி ரூபாய் என்றால் ஓர் அணா. 1957 ஏப்ரல் முதல் நாள் தசம நாணயம் வந்தபின் அப்பழக்கம் தேய்ந்தது. 2019இல் தமிழ்ப் பின்னக் குறியீடுகள் யூனிகோடு எழுத்துத் தொகுதியில் இடம்பெற்றுவிட்டன. கணினிக்குள் புகுந்த அவை நம் பிள்ளைகளின் நாவில் இல்லையெனில் யாது பயன்?

பிறமொழிச் சூழலில் வளரும் பிள்ளை, கடைத்தெருவில் ‘பாவ்’, ‘சவா’, ‘டேட்’ என்று கேட்கிறது. அவையே நம் கால், ஒன்றேகால், ஒன்றரை என்று பெற்றோர் அப்போதே சொல்லித் தரலாம். அரைக் கிலோ வெங்காயமும் ‘பாவ்’ கிலோ தக்காளியும் வாங்கினால் பையின் எடை என்னவென்று கேட்கலாம். முக்கால் என்று விடை சொல்லும் பிள்ளை கணக்கோடு தமிழையும் கற்றுக்கொள்கிறது. வீட்டில் முதியோர் இருப்பின், அவர்கள் அறிந்த எண்சுவடி வாய்பாட்டை இப்போதே கேட்டு எழுதி வைப்போமாக.