காயம் கட்டிய கைகளுக்கு ஒரு கல்வி

போர்க்களத்தில் இரத்தம் பெருகுவதைத் தடுத்து, காயத்தைக் கட்டி, சேலைன் ஏற்றி உயிர் காத்த ஒருவர் சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்புகிறார். அவருக்கு அங்கே என்ன வேலை கிடைக்கும்? 1960களின் அமெரிக்காவில், வைத்தியசாலையில் சிற்றூழியர் வேலை கிடைத்தாலே பெரிது. கையில் தொழில் இருந்தது, கடதாசி இருக்கவில்லை. அதே நாட்டின் கிராமங்களிலோ வைத்தியர் இல்லாத குறை வாட்டிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர் வட கரோலினாவில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் வைத்தியப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வைத்தியர்களை மூன்றே ஆண்டுகளில் பயிற்றுவித்ததை அவர் கண்டிருந்தார். முதலில் அவர் அனுபவமுள்ள தாதியரையே உயர்பயிற்சிக்கு எடுக்க முயன்றார். தாதியர் கல்விக்கு அங்கீகாரம் வழங்கும் சபை அதை ஏற்கவில்லை. பிறகே கடற்படையில் மருத்துவப் பணி செய்து விலகியவர்கள் பக்கம் திரும்பினார். 1965இல் நால்வர் சேர்ந்தார்கள். 1967 அக்டோபர் 6ஆம் திகதி மூவர் படித்து வெளியேறினார்கள். ஒரு புதிய தொழில் இப்படி மூன்று பேரோடு பிறந்தது!

நோயாளியிடம் விபரம் கேட்பது, உடலைப் பரிசோதிப்பது, சாதாரண நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பது, கடினமானதை வைத்தியரிடம் கொண்டுபோவது: இவைதாம் இந்த வைத்திய உதவியாளரின் பணி. எமது கிராமத்து அப்போதிக்கரி ஐயாவை அறிந்தவர்களுக்கு இது விளங்கக் கடினமல்ல.

எமக்கு மிகவும் பிடித்தது 1969இல் வாஷிங்டன் மாநிலத்தில் வைத்தியர் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய 'மெடெக்ஸ்' திட்டம். படையிலிருந்து விலகிய 15 பேர் அதில் முதலில் சேர்ந்தார்கள். பல்கலைக்கழகத்தில் மூன்று மாதப் படிப்பு; பின்னர் ஓராண்டு கிராமத்து வைத்தியர் ஒருவருடன் வேலை. ஆள் தேவை என்று கேட்ட வைத்தியரே ஆசிரியருமானார். படித்து முடித்தபின் வேலை தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் விடயம் இது.

ஆனால் அந்த வாசல் இன்று அவ்வளவு அகலமாக இல்லை. அமெரிக்காவில் இப்போது இது முதுமாணிப் படிப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். அதற்கு முன் இளமாணிப் பட்டம் வேண்டும். பத்தாண்டு களத்தில் நின்றவரும் இரசாயனமும் உடற்கூற்றியலும் முறைப்படி படித்துச் சித்தியடைந்துதான் உள்ளே போகலாம். படைவீரரின் கல்விக்கு அரசு பணம் தருகிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உதவியை மேலும் கூட்டியது. எனினும் இழந்த வருடங்களைப் பணம் திருப்பித் தராது. குடும்பம் உள்ளவருக்கு அது பெரும் சுமை. படையில் மருத்துவப் பணி செய்தவர்களை மனதிற்கொண்டே வட கரோலினாப் பல்கலைக்கழகம் 2016இல் தனியாக ஒரு படிப்பைத் தொடங்கியது.

அதற்காக, களத்து அனுபவமே போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. களத்தில் அவர்கள் பார்த்தது பெரும்பாலும் திடகாத்திரமான இளைஞரின் காயங்களை. காய்ச்சலில் துவளும் கைக்குழந்தை, நீரிழிவோடு வாழும் பாட்டி, பிள்ளைத்தாய்ச்சி ஆகியோரைப் பார்க்க அவர்கள் வகுப்பில் மற்றவர்களைப் போலவே தொடக்கத்திலிருந்து கற்கவேண்டும்.